எந்த டிரைவருக்கு நம் உழைப்பு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

சென்ற பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் என் தந்தையார், "ஞாயித்துக்கிழமை ஆனா மடிக்கணினிய தூக்கிட்டு எங்க போயிடற கண்ணு?" என்று கேட்டார். "ஒரு டிரைவருக்காக வேலை செய்யறோங்கப்பா" என்றேன். ஏற்காட்டுக்காரரான அவருக்கு டிரைவர் என்றால் பொருள் ஒன்றுதான்: அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தைத் திருப்பி மேலே கொண்டுவந்து சேர்ப்பவர். "ஏன், அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். வீட்டில் அனைவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவருக்கு அதை விளக்க முயன்றேன். அந்த விளக்கமே இக்கட்டுரையின் கரு. கணினி அறிவியல் பயிலாத நண்பர்களும் படிக்க வேண்டும் என்பதால் அப்பாவுக்குச் சொன்னபடியே தொடங்குகிறேன்.

காப்பித் தோட்டத்தில் துரை பேசுவது ஒரு மொழி, பழம் பறிப்பவர்கள் பேசுவது வேறொரு மொழி. இடையில் மேஸ்திரி நிற்கிறார். "இன்றைக்குக் கீழ்ப்பத்தியை முடிக்க வேண்டும்" என்ற ஒற்றைக் கட்டளையை, யார் எந்த வரிசையில் நிற்பது, யாரிடம் எத்தனை கூடை என்று பிரித்துச் சொல்லி வேலையை முடிப்பவர் அவரே. கணினியில் துரையின் இடத்தில் இருப்பது கெர்னல் என்னும் நடுநாயக நிரல். பழம் பறிப்பவரின் இடத்தில் இருப்பது வைஃபை அடாப்டருக்குள் உள்ள சில்லு. இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கும் மேஸ்திரி நிரலே டிரைவர். மேஸ்திரி வராத நாளில் ஆட்கள் இருந்தும் தோட்டத்தில் வேலை நடவாது. டிரைவர் இல்லாவிட்டால் அடாப்டரும் யு.எஸ்.பி. துளையில் செருகிய பிளாஸ்டிக் துண்டுதான்.

லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளில் இந்த மேஸ்திரி செய்வதையெல்லாம் வரிவரியாகப் படிக்கலாம். பிழை இருந்தால் திருத்தவும் செய்யலாம். ஆனால் ஒரே சில்லுக்குச் சில வேளைகளில் இரண்டு மூன்று டிரைவர்கள் இருக்கும். திருத்த முன்வருவோரின் நேரமோ குறைவு. எதைத் திருத்துவது, எதைக் கைவிடுவது? பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது.

எங்கள் ஊர் ஏற்காட்டு ஏரியிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே மாலைநேரப் படிப்பு மையம் ஒன்று நடக்கிறது. மையத்தில் மூன்று மடிக்கணினிகள் உள்ளன. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன்மாரும் அக்காமாரும் பெற்று, பயன்படுத்தி, ஓரமாக வைத்தவை அவை. நானும் இரு நண்பர்களும் அவற்றைத் துடைத்து டெபியன் லினக்ஸ் நிறுவினோம். (சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.) உள்ளிருந்த வைஃபை அட்டைகளில் இரண்டு பழுதாகியிருந்தன, மூன்றாவது விட்டு விட்டு வேலை செய்தது. எனவே யு.எஸ்.பி. அடாப்டர் தேவைப்பட்டது.

மையம் இருப்பதோ பள்ளமான இடம். கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது மேட்டில் உள்ள ஒரு வீட்டில் மட்டுமே. அங்கே சிம் அட்டை போட்ட ரவுட்டர் ஒன்று இருக்கிறது. இடையில் நூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். அத்தனையும் காப்பிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். "பனிமூட்டம் சாரல் வந்தா நெட்டு வராது" என்று ஊரில் சொல்வார்கள். இதில் பனிமூட்டத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர். பனிமூட்டத்தின் நீர்த்துளியோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அவ்வளவு சிறிய துளி அந்த அலையை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. உண்மைக் குற்றவாளி நனைந்த இலையும் நனைந்த மரமும். பனிமூட்டமும் நனைந்த இலையும் சேர்ந்தே வருவதால் பழி பனியின் மேல் விழுந்துவிட்டது.

எங்களிடம் சேர்ந்த அடாப்டர்கள் மூன்று வகை. சேலத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய விரல்நகம் அளவுள்ள இரண்டில் இருந்தது ரியல்டெக் நிறுவனத்தின் 8188இயு என்னும் சில்லு. இரண்டு ஆன்டெனாக்களோடு பார்க்கவே கம்பீரமாக இருந்த ஒன்றில் அதே நிறுவனத்தின் 8812ஏயு. மூன்றாவது, விரிவுரையாளர் ஒருவர் அன்போடு தந்த பழைய அடாப்டர். அதில் ஏதெராஸ் நிறுவனத்தின் ஏஆர்9271. ஒரு பருவத்து ஞாயிற்றுக்கிழமைகள் கையில் உள்ளன. மூன்று சில்லுகளின் டிரைவர்களில் எதைப் படிப்பது, எதைச் சோதிப்பது, எதன் பிழையைத் தேடுவது?

முதல் வாக்கெடுப்பில் 8812ஏயு வென்றது. நானும் அதற்கே கை தூக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியின் மேல் நொடிக்கு 867 மெகாபிட் என்று அச்சிட்டிருந்தது. கண் அதில் போய் நின்றுவிட்டது. மற்ற இரண்டும் 150-ஐத் தாண்டாதவை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. மேட்டு வீட்டு ரவுட்டருக்கு வந்து சேரும் இணையமே நொடிக்குச் சில மெகாபிட் அளவுதான். அண்டாவில் இருப்பது ஒரு குடம் நீர் என்றால் குழாய் எவ்வளவு அகலமாக இருந்து என்ன? மேலும் அந்த உயர்ந்த வேகம் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கிடைப்பது. அந்த அலை இலைகளுக்கிடையே 2.4-ஐக் காட்டிலும் மோசமாகத் தேயும். எனவே வேகம் என்ற அளவுகோல் எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை.

வேறு எந்த அளவுகோலைக் கொள்வது என்று தேடியபோதுதான் 8188இயு சில்லின் வரலாறு கண்ணில் பட்டது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுவே. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில் 'ஸ்டேஜிங்' என்றொரு பகுதி உண்டு. கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பவரின் பொறுப்பில் உள்ளது. அதை வீட்டுத் திண்ணை எனலாம். வாசலுக்கு வந்துவிட்ட விருந்தாளி, ஆனால் குளித்து உடை மாற்றாமல் உள்ளே விடமாட்டார்கள். தரம் போதாத டிரைவர்கள் இந்தத் திண்ணையில் உட்கார்ந்து தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும். 8188இயு-வுக்கு நிறுவனம் எழுதிய டிரைவர் 2013-இல் இத்திண்ணைக்கு வந்தது. ஸ்டேஜிங் டிரைவர்கள் புதியவர்கள் கைப்பழகும் பள்ளியும் ஆகும். உலகெங்குமிருந்து மாணவர்கள், நம் நாட்டினர் உட்பட, இங்கே வந்து திருத்தங்கள் அனுப்பினர். வரி இடைவெளியைச் சீராக்கினர், பயன்படாத மாறிகளை நீக்கினர், பெயர்களை மாற்றினர். 8188இயு டிரைவருக்கு மட்டுமே இப்படி நூற்றுக்கணக்கான திருத்தங்கள் போயின. எட்டு ஆண்டு கழிந்தும் விருந்தாளி உள்ளே போகவில்லை. 2021-இல் அந்த டிரைவரையே நீக்கி, அதே நிறுவனத்தின் புதிய பதிப்பு ஒன்றைத் திண்ணையில் உட்கார வைத்தனர். திருத்தும் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. 2023-இல் அதுவும் நீக்கப்பட்டது.

காரணம் என்ன? கெர்னலில் 2007 முதல் 'மேக்80211' என்ற பொதுக் கட்டமைப்பு இருக்கிறது. ஒரு வலைப்பின்னலைத் தேடுவது, சேர்வது, பொட்டலங்களை வரிசைப்படுத்துவது போன்று எல்லா வைஃபை சில்லுகளுக்கும் பொதுவான வேலைகளை அது ஒரே இடத்தில் செய்துவிடும். டிரைவர் எழுதுபவர் தம் சில்லுக்கே உரியதை மட்டும் எழுதினால் போதும். நிறுவனத்தின் டிரைவரோ இந்தப் பொதுவேலை அனைத்தையும் தானே தூக்கிக்கொண்டு பல்லாயிரம் வரிகளாக வந்தது. எல்லாப் பேருந்துக்கும் பொதுவான ஒரு மலைப்பாதை இருக்கும்போது ஒவ்வொரு பேருந்தும் தனக்கென ஒரு பாதையைச் சுமந்துகொண்டு வருவதைப் போன்றது இது. சுமந்துவந்த பாதையில் எத்தனை குழி மூடினாலும் அது பொதுப்பாதை ஆகாது.

இதற்கிடையில் 2015-இல் ஜெஸ் சோரன்சன் என்பவர் மேக்80211-ஐ அடிப்படையாகக் கொண்டு ரியல்டெக் யு.எஸ்.பி. சில்லுகளுக்கு ஒரு டிரைவரைப் புதிதாக எழுதி உள்வீட்டிலேயே சேர்த்துவிட்டார். அதன் பெயர் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யு. பின்னாளில் வேறொருவர் அந்த டிரைவருக்குள் 8188இயு சில்லுக்கென ஒரு தனிக் கோப்பைச் சேர்த்தார். 2023-இல் வெளிவந்த கெர்னலில் அது இடம்பெற்றது. பத்தாண்டு திண்ணையில் நடந்த சலவையால் ஆகாத காரியம், சரியான இடத்தில் சேர்த்த ஒரு கோப்பால் ஆயிற்று.

அந்த நூற்றுக்கணக்கான திருத்தங்களை அனுப்பியவர்கள் வீணாக உழைத்தார்களா என்று நண்பர்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாதிட்டோம். அவர்கள் கற்றுக்கொண்டார்கள், கற்றது அவர்களிடமே இருக்கிறது என்றான் ஒருவன். உண்மைதான். ஆனால் எங்கள் நிலைமை வேறு. எங்களுக்குக் கற்பது மட்டும் நோக்கமல்ல, மையத்துப் பிள்ளைகளுக்கு இணைப்பும் வேண்டும். இடைவெளியைச் சீராக்குவதால் அவர்களுடைய பாடம் திரையில் வராது.

திண்ணைக்குக்கூட வராமல் தெருவிலேயே நிற்கும் டிரைவர்களும் உண்டு. நிறுவனம் வெளியிட்ட நிரலைத் தனி மனிதர்கள் இணையத்தில் எடுத்து வைத்துப் பராமரிப்பார்கள். 8812ஏயு சில்லுக்குப் பல ஆண்டுகள் இதுவே வழியாக இருந்தது. இவற்றில் ஒரு சிக்கல். கெர்னலின் உட்புற ஏற்பாடுகளை அதை எழுதுவோர் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவர். மாற்றுபவரே கெர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவர்களையும் அதற்கேற்பத் திருத்தித் தர வேண்டும் என்பது வழக்கம். வெளியே நிற்கும் டிரைவருக்கு அந்தப் பொறுப்பை எவரும் ஏற்பதில்லை. எனவே கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் வெளி டிரைவரை மீண்டும் தொகுக்க வேண்டும். சில வேளை தொகுக்கவே முடியாமல் போகும். புதிய நிரலைப் பதிவிறக்கினால் சரியாகும். ஆனால் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு அந்த டிரைவர் வேண்டும்! கம்பி இணைப்பு உள்ள நம் கல்லூரி ஆய்வகத்தில் இது பத்து நிமிட வேலை. எங்கள் மையத்தில் திங்கட்கிழமை இது நேர்ந்தால் நான் ஊருக்குப் போகும் சனிக்கிழமை இரவு வரை மூன்று கணினிகளும் மூடிக்கிடக்கும். உண்மையிலேயே ஒரு முறை அப்படி ஐந்து நாள் கிடந்தன. பத்தாம் வகுப்புத் தங்கை ஒருத்தி என்னிடம், "அண்ணா, நீங்க வந்தாத்தான் இது ஓடுமா?" என்று கேட்டாள். எங்கள் தேர்வில் பெரும்பங்கு அந்தக் கேள்விக்கே உரியது. அடுத்த ஆண்டு நான் பட்டம் பெற்று வேலை தேடி வெளியூர் போய்விடுவேன். நான் இல்லாமலும் ஓட வேண்டும்.

இந்த இடத்தில் லாரி ஃபிங்கர் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவின் கார்னகி நிறுவனத்தில் படிகங்களின் அமைப்பை ஆராய்ந்த விஞ்ஞானி அவர். செம்பும் வனேடியமும் கலந்த 'ஃபிங்கரைட்' என்னும் கனிமத்துக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஓய்வு பெற்ற பிறகு லினக்ஸ் வைஃபை டிரைவர்களில் இறங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கெர்னலுக்கு அளித்தார். 8188இயு டிரைவர் திண்ணைக்கு வந்ததிலும் அவர் கை உண்டு. வெளியே நின்ற பல ரியல்டெக் டிரைவர்களையும் தம் சொந்தப் பொறுப்பில் பராமரித்து வந்தார். 2024 ஜூன் மாதம் காலமானார். இயற்பியல் வகுப்பில் படிகங்களைப் படித்துக்கொண்டே இதை அறிந்தபோது எனக்கு ஒரு புல்லரிப்பு ஏற்பட்டது. ஆனால் இதில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. கெர்னலுக்குள் சேர்ந்துவிட்ட வேலையைப் பிறர் எடுத்துத் தொடர்கிறார்கள். இன்று ரியல்டெக் நிறுவனத்துப் பொறியாளரே அந்தப் பகுதியைக் கவனிக்கிறார். ஒருவருடைய தனிக் கணக்கில் இருந்த வேலைக்கு அந்த உறுதி கிடையாது.

ஏஆர்9271 பக்கம் வருவோம். எங்கள் விரிவுரையாளரின் வாக்கு அதற்கே. காரணமும் வலுவானது. பெரும்பாலான அடாப்டர்களில் டிரைவர் மட்டுமே திறந்திருக்கும். சில்லுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்னும் உள்நிரல் மூடிய பெட்டியாகவே இருக்கும். ஏஆர்9271-க்கோ அந்த உள்நிரலின் மூலத்தையும் 2013-இல் வெளியிட்டுவிட்டார்கள். தலை முதல் கால் வரை படிக்கக்கூடிய அடாப்டர் அது. "படிக்கிற பையன்களுக்கு இதைவிட என்னப்பா வேண்டும்?" என்றார். அவர் சொல்லில் உள்ள பொருளைப் புரிந்துகொள்ள நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒரு முயற்சியைப் பார்க்க வேண்டும்.

தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு பார்வை மையங்கள் அமைக்கப்பட்டன. நோயாளி அங்கே அமர்ந்தபடியே தேனி மருத்துவரைத் திரையில் கண்டு ஆலோசனை பெற வேண்டும். 2000-களின் நடுவில் அந்த ஊர்களுக்கு ஏற்ற இணைய வசதி இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழுவினர் சாதாரண வைஃபை அட்டைகளையே உயர்ந்த கோபுரங்களில், ஒரே திசை நோக்கும் ஆன்டெனாவுடன் பொருத்தி இணைத்தனர். சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை நீண்டன.

இதில் தடை ஆன்டெனாவில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. வைஃபையில் ஒரு பொட்டலத்தை அனுப்பியவர் "கிடைத்தது" என்ற மறுமொழிக்காகக் குறிப்பிட்ட நேரமே காத்திருப்பார்; அதற்குள் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி மீண்டும் அனுப்புவார். அந்தக் காத்திருப்பு நேரம் சில நூறு மீட்டர் தூரத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. ஒளி ஒரு மைக்ரோ நொடியில் 300 மீட்டர் செல்லும். 15 கிலோமீட்டருக்கு 50 மைக்ரோ நொடி, போய்வர 100. மறுமொழி வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அனுப்பியவர் பொறுமை இழந்து மறுபடி அனுப்பிவிடுவார். அடிவாரத்திலிருந்து கடிதம் போட்டுவிட்டு, தபால்காரர் மலையேறும் முன்பே அடுத்த கடிதத்தைப் போடுவது போல.

இதைச் சரிசெய்ய நேரக்கணக்கில் கை வைக்க இடம் தரும் டிரைவர் தேவை. அக்குழுவினர் ஏதெராஸ் சில்லுகளையும் 'மேட்வைஃபை' என்னும் டிரைவரையும் மாற்றியமைத்தே பயன்படுத்தினர். தனித்தனி மறுமொழியை நிறுத்திவிட்டு, முறைவைத்துப் பேசும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தனர். வழக்கமான வைஃபையைக் காட்டிலும் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடுதலாகத் தரவு சென்றதாக 2007-இல் வெளியிட்ட ஆய்வுரையில் தெரிவித்தனர். மாற்றக்கூடிய டிரைவர் ஒன்று இருந்ததால் தேனிப் பக்கத்துக் கிராமத்தில் ஒருவருடைய கண் பார்க்கப்பட்டது என்றால் அது மிகையாகாது.

ஆனால் அந்த மேட்வைஃபை இன்று இல்லை. அதன் அடியில் சில்லோடு நேராகப் பேசும் ஒரு பகுதி மூடியதாகவே இருந்ததால் கெர்னலுக்குள் அதைச் சேர்க்க முடியவில்லை. ஓப்பன்பிஎஸ்டி குழுவைச் சேர்ந்த ரெய்க் ஃப்ளோட்டர் அந்த மூடிய பகுதிக்கு ஈடாக ஒரு திறந்த நிரலை எழுதினார். அதன் வழியே 2008-இல் ஏத்5கே என்ற டிரைவர் கெர்னலுக்குள் வந்தது. அதே ஆண்டில் ஏதெராஸ் நிறுவனமும் மனம் மாறி ஏத்9கே என்ற டிரைவரைத் தானே திறந்து வெளியிட்டது. தேனியில் கையால் செய்ய வேண்டியிருந்த வேலையின் ஒரு பகுதி, இப்போது 'இத்தனை மீட்டர் தூரம்' என்று ஒரே கட்டளையில் சொல்லும் வசதியாக ஏதெராஸ் டிரைவர்களில் இருக்கிறது. ஒவ்வொரு 450 மீட்டருக்கும் போய்வர 3 மைக்ரோ நொடி என்று அது கணக்கிட்டுக்கொள்ளும்.

இவ்வளவு பெருமை வாய்ந்த ஏஆர்9271-ஐ நாங்கள் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? அது செருகியவுடன் ஓடியது. மையத்தில் மற்ற இரண்டும் தடுமாறிய மழை நாளிலும் அது ஓரளவு தாக்குப்பிடித்தது. களை இல்லாத வயலில் களையெடுக்க ஆள் வேண்டாம் அல்லவா? மதிப்புக்குரிய டிரைவர் வேறு, நம் உழைப்பு தேவைப்படும் டிரைவர் வேறு. மேலும் அது பழைய சில்லு, எங்களிடம் ஒன்றே ஒன்று. கடைவீதியில் எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது 8188இயு. நாளை பக்கத்து ஊர் மையத்துக்கும் வாங்கப்போவது அதைத்தான்.

விரிவுரையாளர் விடவில்லை. "அப்படியானால் கம்பெனி கொடுத்த பழைய டிரைவரையே போடு. இன்றைக்கு ஓடுகிறதல்லவா? மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. உன் கொள்கைக்காக அவர்கள் காத்திருக்க வேண்டுமா?" என்றார். இதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. அவர் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆகவே ஏஆர்9271-ஐ ஒரு கணினியில் நிரந்தரமாகச் செருகினோம். இன்னொரு கணினியில் அன்று ஓடிக்கொண்டிருந்த பழைய ஏற்பாட்டைத் தொடாமல் விட்டு, கெர்னல் புதுப்பிப்பையும் நிறுத்தி வைத்தோம். (புதுப்பிப்பை நிறுத்துவது பாதுகாப்புக்கு நல்லதல்ல என்பது தெரியும். தேர்வு முடியும் வரை மட்டும் என்று பேசிக்கொண்டோம்.) மூன்றாவது கணினியில் 2025-இல் வெளிவந்த டெபியன் 13-ஐ நிறுவி 8188இயு அடாப்டரைச் செருகினோம். அதுவே எங்கள் ஆய்வுக்கூடம்.

8812ஏயு-வைப் பொறுத்தவரை, அதற்கும் கெர்னலுக்குள்ளேயே ஒரு டிரைவர் 2025-ஆம் ஆண்டுக் கெர்னல்களில் வந்துவிட்டது. அதைச் செய்தவர்கள் எங்களைவிடப் பன்மடங்கு திறமையானவர்கள். அங்கே எங்கள் மூன்று பேரின் ஞாயிற்றுக்கிழமை தேவையில்லை.

8188இயு கோப்பைத் திறந்து படித்தபோது நாங்கள் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. வைஃபை எப்போதும் ஒரே வேகத்தில் பேசுவதில்லை. சிக்னல் நன்றாக இருந்தால் வேகமாக, மோசமானால் மெதுவாக, படிப்படியாக ஏறி இறங்கும். சத்தமான சந்தையில் நிறுத்தி நிதானமாகப் பேசுவது போல. எந்தப் படியில் நிற்பது என்று முடிவு செய்யும் வேலையை மற்றப் பல ரியல்டெக் சில்லுகளில் மூடிய உள்நிரல் செய்கிறது. 8188இயு-வில் அந்த வேலை டிரைவரிடமே இருக்கிறது. சில்லு, "இத்தனை பொட்டலம் முதல் முயற்சியில் போயிற்று, இத்தனை திரும்பத் திரும்ப அனுப்பிப் போயிற்று" என்று கணக்கு மட்டும் சொல்லும். ஏறுவதா இறங்குவதா என்பதை, நாங்கள் படிக்கக்கூடிய சி மொழி வரிகள் தீர்மானிக்கின்றன.

நனைந்த சில்வர் ஓக் மரங்களுக்கிடையே இணைப்பு தடுமாறுகிறது என்றால், எங்கள் தொல்லையின் ஒரு முக்கியமான முடிச்சு அந்தக் கோப்புக்குள்தான் இருக்க வேண்டும். விலை மலிந்த, எவரும் மதிக்காத சில்லுதான் எங்களுக்கு வேண்டிய இடத்தில் கதவைத் திறந்து வைத்திருந்தது. இரண்டாம் வாக்கெடுப்பில் மூன்று கைகளும் அதற்கே உயர்ந்தன.

இதுவரை செய்தது கொஞ்சம்தான். டிரைவருக்குள் அது ஏற்கும் அடாப்டர்களின் பட்டியல் ஒன்று உண்டு. நிறுவனத்துக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண். ரியல்டெக்கின் எண் '0-பி-டி-ஏ'. 8188இயு-வின் வழக்கமான எண் '8179'. அதே சில்லை வேறு பெயரில் விற்பவர்கள் சிலர் வேறு எண் போட்டுவிடுவார்கள். அப்போது மேஸ்திரி வாசலிலேயே நின்று, "இவர் என் பேரேட்டில் இல்லை" என்று சொல்லிவிடுவார். கணினி ஓடும்போதே பட்டியலில் எண்ணைச் சேர்த்துச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அது வேலை செய்தால் ஒற்றை வரித் திருத்தமாகக் கெர்னலுக்கு அனுப்பலாம். இரண்டாம் ஆண்டு மாணவனும் செய்யக்கூடிய முறையான பங்களிப்பு இது.

மற்றொன்று அளவீடு. சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் கணினி காட்டும். 10 குறைந்தால் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். மையத்தில் மாலை ஆறு முதல் எட்டு வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிக்னல், அப்போதைய வேகப் படி, வெளியே மழையா வெயிலா, இலை நனைந்திருக்கிறதா என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வருகிறோம். குறிப்பவள் முன்பு சொன்ன அந்தப் பத்தாம் வகுப்புத் தங்கை. இலை காய்ந்த நாளும் நனைந்த நாளும் ஒரே சிக்னல் காட்டியும் வேகப் படி மட்டும் வேறாக இருந்தால் பிழை டிரைவரில் இருக்கலாம். சிக்னலே விழுந்திருந்தால் டிரைவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஆன்டெனாவை உயர்த்த வேண்டியதுதான். தை, மாசியில் எடுத்த குறிப்புகளில் காய்ந்த இலைதான் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் மலை ஏறி வந்த பிறகே மறுபாதி நிரம்பும்.

அந்த நோட்டின் படி ஒன்று இயற்பியல் ஆய்வகத்தின் இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் சிறிய வைஃபை அடாப்டர் எதுவானாலும், ஓடாவிட்டாலும் சரி, நண்பர்கள் கொண்டுவந்து கொடுத்தால் அதன் எண்ணைப் பார்த்துச் சொல்கிறோம். வியாழக்கிழமைகளில் நான்கு மணிக்குமேல் அங்கே இருப்போம்.